சுண்ணாம்பு படாத தோல்

பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதியாயிற்று. 'தொழில்' என்ற கட்டத்துக்கு வந்தபோது அவள் பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. 'இசைக்கலைஞர்' என்று எழுதினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாருக்காக எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அப்படித்தான் எழுதுவார்கள். பாஸ்போர்ட்டிலும் அதுதான், பேங்கிலும் அதுதான், பல் டாக்டரிடம் போனாலும் அதுதான்.

பக்கத்து நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் காய்ச்சல். நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அன்று காலையில்தான் சொன்னார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டதை அவள் பார்த்துவிட்டாள், அதனால் சொன்னார். இல்லையென்றால் அதையும் சொல்லியிருக்க மாட்டார்.

"வயசு ரெண்டு கூட இருக்கு," என்றார் படிவத்தை எட்டிப் பார்த்து.

"சரியாத்தான் போட்டிருக்கேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ரெண்டாத்தான் தெரியுது. சரி, இருக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அவர் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர் தாங்காமல் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டறையின் பின் அறையில் ஆணியில் தொங்குகிற ஸ்வெட்டர். பச்சைத் தோலின் வாடை அதில் ஊறிப் போயிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் பட்டையைச் சுற்றும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம்தான். பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கணினியில் படிவத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கலைஞரா? என்ன வாசிப்பீங்க?"

"மேளம் டாக்டர்," என்றாள் அவள். "எல்லா நாட்டு மேளமும். எங்க குடும்பக் குழு."

"அட, போன வருஷம் டவுன் ஹால்ல… ஒருத்தர் தண்ணி நிரப்பின சட்டியை எல்லாம் தட்டினாரே?"

"அது இவர்தான்."

டாக்டர் முகம் மலர்ந்துபோயிற்று. "எழுந்து நின்னு கைதட்டினேன் சார்!" என்றார். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார். கேள்விகள் வரிசையாக வந்தன. சிகரெட் உண்டா? இல்லை. சர்க்கரை? இல்லை. சமீபத்தில் வெளியூர்ப் பயணம்?

"ரெண்டு வாரம் ஆகுது. மூணு ஊர், ஏழு கச்சேரி."

"அப்ப அங்க எங்கேயோ பிடிச்சிருக்கு," என்று தட்டச்சு செய்தார் டாக்டர். "வேற வேலை ஏதாவது உண்டா? தூசு, ரசாயனம், அந்த மாதிரி?"

"தூசுன்னா…" என்று அவர் வாயைத் திறந்தார். "இந்தத் தோல்…"

அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அதே சமயம் இருமலும் வந்தது. அவர் இருமி முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "இல்ல டாக்டர். முழு நேரமும் இதுதான்."

கை அழுத்தியது முதலா, இருமல் வந்தது முதலா என்பதை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இருமல்தான் முதலில் வந்தது என்று சில நாள் தோன்றும். அந்த நாட்களில் சாப்பாடு இறங்கும்.

கலைஞர் என்ற வார்த்தை அவர்கள் வீட்டுக்குள் வந்தது அவள் அப்பாவால். அவர் மரக்கிடங்கில் பெட்டி அடிக்கிற தச்சர். கழிவுக் கட்டையைக் குடைந்து மகனுக்கு ஒரு மேளம் செய்து கொடுத்ததில் ஆரம்பித்தது எல்லாம். பத்து வருஷத்தில் பட்டறை வந்தது. கோப்பை மாதிரி ஜெம்பே, பீப்பாய் மாதிரி காங்கா, மடியில் வைத்துத் தட்டுகிற தர்புக்கா என்று கேட்டதெல்லாம் செய்தார்கள். செய்ததை வாசித்துக் காட்டப்போய்க் குழுவும் வந்துவிட்டது. முதல் பெரிய கச்சேரி ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் இருந்த மேலாளர் உள்ளே திரும்பி, "தோல்காரங்க வந்திருக்காங்க, குப்பை வண்டி வர்ற கேட்டைத் திறந்து விடுங்க," என்று குரல் கொடுத்தார். மேடையில் அப்பா சிரித்துக்கொண்டேதான் வாசித்தார். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே யார் கேட்டாலும் நாம கலைஞர்கள். பின் அறை பின் அறையிலேயே இருக்கட்டும்."

அப்பா போன பிறகு அண்ணன் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். பட்டறையில் முன்னால் பளபளவென்று ஒத்திகை மண்டபம், கண்ணாடி அலமாரியில் மேளங்கள். பின்னால் தோல் அறை, அதற்குத் தனிக் கதவு. பின் அறையிலிருந்து மண்டபத்துக்கு வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் வரவேண்டும். விளம்பரத் தாளில் எல்லோரும் கறுப்புச் சட்டையில் நின்றார்கள். யார் கையிலும் கத்தி இல்லை.

கத்தி பிடித்தவர் அவள் வீட்டுக்காரர். தோலை மழிப்பது அவர் வேலை, கயிற்றை இழுத்து முறுக்கிச் சுதி ஏற்றுவது அவள் வேலை. குழுவில் அவர்களுக்குக் கத்தி, கயிறு என்றுதான் பெயர். "கத்தியும் கயிறும் கல்யாணம் பண்ணிக்கிட்டா அந்த வீட்டுப் பக்கம் எவன் தைரியமாப் போவான்?" என்று அண்ணன் கல்யாணத்தன்றே மைக்கில் கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

வழக்கமாகத் தோல் ஆலையிலிருந்து வரும். முத்திரை குத்தி, உப்புப் போட்டு, இஸ்திரி போட்ட துணி மாதிரி அடுக்கி வரும். இந்தத் தடவை வந்தது வேறு. அவர்களோடு முன்பு வாசித்த ஒருவர், ஊர் ஊராக டிரங்குப் பெட்டியோடு அலைகிறவர், அதனால் பெட்டிக்காரர் என்று பெயர், எங்கோ தூரதேசத்திலிருந்து ஒன்பது ஆட்டுத்தோலைச் சுருட்டிக் கொண்டுவந்து பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். வெயிலில் காயவைத்த தோல். மயிர் அப்படியே இருந்தது.

"இதுக்குச் சீட்டு, முத்திரை ஒண்ணும் இல்லையா?" என்று அண்ணி கேட்டாள். பதிவு, கடிதம், தொலைபேசி எல்லாம் அவள் பொறுப்பு.

"ஆட்டுக்குப் பாஸ்போர்ட் கேக்கறாங்க பாருங்க மச்சான்," என்றார் கத்தி. தோலை விரித்து முகத்துக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதைப் பாரு கயிறு. இதுல உயிர் இருக்கு."

மயிரை நீக்கச் சுலபமான வழி சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு ராத்திரி ஊறினால் போதும், கையால் தள்ளினாலே வந்துவிடும். ஆனால் சுண்ணாம்பு பட்ட தோல் தொண்டை கட்டினவன் மாதிரிப் பேசும் என்பார் அவர். அவர்களுடைய மேளத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான்: சுண்ணாம்பு படாத தோல். மயிரோடு நனைத்து மரத்தில் ஏற்றி, அவள் கயிறு கட்டி, நாலைந்து நாள் காய்ந்து விறைத்த பிறகு, பாதி உடைத்த சவர பிளேடால் உலர மழிப்பார். ஒரு இழுப்பு, ஒரு ஊது. மயிரை வாயால் ஊதித் தள்ளினால்தான் அடுத்த கோடு தெரியும். அதனால் முகமூடி ஆகாது. மயிர் பறக்கிறது என்று பக்கத்துக் கட்டடத்துக்காரர் சண்டைக்கு வந்ததிலிருந்து ஜன்னலும் ஆகாது. சாயங்காலம் வெளியே வந்தால் புருவமெல்லாம் நரைத்திருக்கும். "என்னங்க, ஒரே நாள்ல கிழவனாயிட்டீங்க," என்பாள் அவள்.

அந்த ஒன்பதில் ஒரு தோலைத்தான் மேளத்தில் ஏற்றினார்கள். பாதி மழித்திருந்தார். ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிளேடைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் ஒரு பள்ளியில் பயிற்சி வகுப்பு. அதற்கு மறுநாள் காய்ச்சல்.

நுரையீரல் சளி என்று சொல்லிப் படுக்கை கொடுத்தார்கள். முதல் நாள் ராத்திரி கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது. நர்ஸிடம் வம்பு பேசினார். இரண்டாம் நாள் உதடு நீலம் பூத்தது. தீவிரச் சிகிச்சைக்கு மாற்றினார்கள். பிராணவாயு முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அவளிடம் பேசினார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிற்று.

"அந்தத் தோலை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

"இப்ப அதுக்கென்ன?"

"பாதி மயிரோட நிக்குது. பாக்கச் சகிக்காது. மச்சானை முடிக்கச் சொல்லு."

"நீங்களே வந்து முடிங்க."

"சொல்லு," என்றார்.

"சொல்றேன்."

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்குப் போய்விட்டார். அந்தச் சின்ன டாக்டர் வெளியே வந்து நின்றார், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். "இவ்வளவு வேகமா… எங்களுக்கே புரியல," என்றார். அவள் தலையாட்டினாள். அவரைத் தேற்றவேண்டும்போலக்கூட இருந்தது.

ஒரு வாரம் கழித்து மண்டபத்தில் நினைவுக் கூட்டம். வெளியாட்கள் யாரும் இல்லை, குழு மட்டும், ஏழு பேர். அவள் பின் அறைக்குப் போய் அந்த மேளத்தைத் தூக்கி வந்து மண்டபத்தின் நடுவில் வைத்தாள். ஒரு பக்கம் சந்தனக் கட்டை மாதிரி வழவழப்பு, மறுபக்கம் பழுப்பு மயிர். மயிரோடு இருக்கும் மேளம் அந்த மண்டபத்துக்குள் வந்தது அன்றுதான் முதல்தடவை.

"அண்ணே, முடிச்சுக் கொடுங்க. அவர் கேட்டது."

அண்ணன் கடைசியாகக் கத்தி பிடித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இங்கேயேவா என்பதுபோல மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கறுப்புச் சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து மேளத்தை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். அவள் பிளேடைக் காகிதத்திலிருந்து பிரித்துக் கொடுத்தாள்.

"மாப்பிள்ளை இருந்தான்னா சிரிப்பான்," என்றார் அண்ணன். "சலூன்ல மொத நாள் வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி இருக்கேன்."

ஒரு இழுப்பு, ஒரு ஊது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் பட்டையில் மயிரும் தூசும் மெதுவாக ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகாக இருந்தது. அதையும் அவள் ஒளிக்க விரும்பவில்லை: அது அழகாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் முடித்து, உள்ளங்கையால் தடவி, குனிந்து கடைசியாக ஒரு நீண்ட ஊது ஊதினார். அவள் கயிற்றை எடுத்து, தன் வீட்டுக்காரர் எப்போதும் கேட்கிற அளவுக்கு மேல் இரண்டு முறுக்குப் போட்டாள்.

அண்ணன் முதலில் தட்டினார். நடுவில் ஒரு அடி, ஓரத்தில் ஒரு அடி. நடுச் சத்தம் தரை வழியாக அவள் பாதத்தில் ஏறியது. ஓரத்துச் சத்தம் தெள்ளத்தெளிவாக, யாரோ பக்கத்து அறையிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் தட்டினார்கள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் கடைசியாகத் தட்டினாள். இதுல உயிர் இருக்கு என்று அவர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அண்ணி கூப்பிட்டாள். "உங்க அண்ணனுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டிருக்கோம். நீ வா."

அவள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அதே வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டிருந்தார். அண்ணி மடியில் படிவம். எழுதி முடித்திருந்தாள். அவள் குனிந்து பார்த்தாள். தொழில்: இசைக்கலைஞர்.

அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காதுக்குள் ஒரு இழுப்பு, ஒரு ஊது. கச்சேரிக்கு அவரோடு சேர்த்து எட்டுப் பேரும்தான் போனார்கள். ஒரே வண்டி, ஒரே சாப்பாடு, ஒரே ஓட்டல். மற்றவர்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அவரும் அண்ணனும் மட்டும் செய்தது என்ன? முழங்காலுக்கிடையில் அந்த மேளம். வாயால் ஊதியது.

"அண்ணே, டாக்டர்கிட்ட அந்தத் தோலைப் பத்திச் சொல்லணும்."

"எந்தத் தோலு?"

"பெட்டிக்காரர் கொடுத்தது. நீங்க மழிச்சது."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. சுற்றிலும் இருந்தவர்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பைத்தியமா உனக்கு? சாதாரணக் காய்ச்சல். இதைப் போய்ச் சொன்னா நாளைக்கே பட்டறைக்கு ஆள் வருவான். தோலு, நாத்தம், நோயின்னு ஊரெல்லாம் பேசுவான். அப்பா எதுக்காக அவ்வளவு…"

"அப்பா போயிட்டார் அண்ணே. அவரும் போயிட்டார்."

"கயிறு, நான் சொல்றதைக் கேளு."

"நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் இங்க உக்காந்திருக்கோம்."

அண்ணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி பேசறீங்க ரெண்டு பேரும்?" அண்ணன் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மேளக்காரன் பிடி, காய்ச்சலிலும் இரும்பாக இருந்தது. டாக்டர் அறைக் கதவு திறந்தது. அதே சின்ன டாக்டர். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"டாக்டர்," என்றாள் அவள். அந்த வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். "இவர் கலைஞர் மட்டும் இல்ல. நாங்க தோல் வேலை செய்யறவங்க. இவர் பச்சை ஆட்டுத்தோலைக் காய வச்சு மழிச்சார். என் வீட்டுக்காரரும் அதே தோலைத்தான் மழிச்சார். வாயால ஊதி ஊதி மழிச்சாங்க."

அண்ணன் பிடி தளர்ந்தது.

டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே விட்டார். "மயிரோடவா? எங்கேயிருந்து வந்த தோல்? சோதனை பண்ணினதா? ஜன்னல் மூடியிருந்துச்சா?" நாலே கேள்வி. அவள் நாலுக்கும் பதில் சொன்னாள். அவர் எழுந்து ஓடினார். டாக்டர் ஓடி அவள் பார்த்தது இல்லை.

அவள் வீட்டுக்காரரின் ரத்தத்தில் இரண்டாம் நாளே ஒரு கிருமி முளைத்திருந்ததாம். ஊசி குத்தும்போது வெளியிலிருந்து ஒட்டியிருக்கும் என்று பரிசோதனைக்கூடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். சாயங்காலத்துக்குள் அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். ஆந்த்ராக்ஸ். ஆடு மாடுகளுக்கு வருகிற அடைப்பான் என்று விளக்கினார் டாக்டர். காய்ந்த தோலில் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும், மூச்சோடு உள்ளே போனால் எழுந்துகொள்ளும். நனைத்து வேலை செய்திருந்தால் தூசு பறந்திருக்காது.

"எனக்கு ஏன் வரல?" என்று கேட்டாள். "நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"யாருக்கு வரும்னு சொல்ல முடியாதும்மா."

குழுவில் எல்லோருக்கும் அறுபது நாள் மாத்திரை கொடுத்தார்கள். அண்ணனுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நரம்பில் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. நான்கு நாள் எமனோடு இழுபறி. ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தார். நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். சொன்ன வாய் அப்படியே பாதியில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவளைவிடப் பத்து வயசு சின்னவர். அன்றைக்குக் கேள்வி கேட்டவர் அவர், பதில் சொன்னவள் அவள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்று அவள் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "வாய்ப்பு இருந்திருக்கும்," என்றார். "எவ்வளவுன்னு தெரியாது. ஆனா இருந்திருக்கும்."

பட்டறைக்கு வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை மூடின உடுப்பு. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பின் அறையில் இருந்தது மட்டுமல்ல, மண்டபம், கண்ணாடி அலமாரி, திரைச்சீலை, கறுப்புச் சட்டைகள், எல்லாவற்றையும் எடுத்தார்கள். அழிக்கப்போகிற பொருள்களுக்குப் பட்டியல் வேண்டும் என்றார்கள். அவள் நடைபாதையில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒரு அதிகாரி எழுதினார். அப்பா கழிவுக் கட்டையில் குடைந்த முதல் மேளமும் போயிற்று. "இது எந்த வகை?" என்று கேட்டார் அதிகாரி. "வகை ஒண்ணும் இல்ல. பிள்ளைக்குச் செஞ்சது," என்றாள்.

அந்தக் கடைசி மேளத்தை இரண்டு உறை போட்டுக் கட்டினார்கள். தூக்கினவர் வாசற்படியில் கொஞ்சம் தடுமாறினார். முழங்கை தோலில் இடித்தது. பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து அது மந்தமாக ஒரு தடவை பேசிற்று. அந்த வெள்ளை உடுப்புக்காரர் கையில் பாம்பு அகப்பட்டவர்போல அப்படியே நின்றுவிட்டார். அவள் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டுக்கு வர இருபத்தாறு நாள் ஆயிற்று. பாதி ஆளாக வந்தார். நாலு படி ஏறினால் உட்காரவேண்டும். இனிமேல் மேடை இல்லை என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. அவள் தினமும் மத்தியானம் போவாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பேசிக்கொள்ள அவர்களுக்கு எவ்வளவோ இருந்தது, வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

ஒருநாள் அண்ணி ரொட்டியை வெட்டிக்கொண்டே, மனசில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னாள்: "நல்லவேளை, நீ வாயத் திறந்தே. இல்லேன்னா இவரையும் தூக்கிக் கொடுத்திருப்பேன். அன்னைக்கு அவருக்கும் இதே மாதிரி நீ…" கத்தி ரொட்டியில் நின்றது. "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலடி."

"தெரியும் அண்ணி."

அண்ணன் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. "அன்னைக்கு நான் அங்க இருந்திருந்தாலும் அவ வாயை நான்தான் பொத்தியிருப்பேன்," என்றார். பெரிய மனசுதான். ஆனால் அன்று அண்ணன் அங்கே இல்லை. அவள்தான் இருந்தாள். அதை அண்ணனிடம் சொல்லத் தொடங்கி, விட்டுவிட்டாள். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இறப்புப் பதிவில் காரணத்தைச் சுகாதாரத் துறையே திருத்திவிட்டது. அதில் இருந்த 'இசைக்கலைஞர்' என்ற தொழிலைத் திருத்த வேண்டுமானால் தகவல் கொடுத்தவரே நேரில் வரவேண்டும். திருத்தியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, விருப்பம்போலச் செய்யலாம் என்றும் எழுதியிருந்தது. கடிதத்தை அண்ணனிடம் காட்டினாள்.

"இப்ப அதை மாத்தி என்ன ஆகப்போகுது?" என்றார். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அவன் நல்லாத்தான் வாசிச்சான்," என்றார்.

"அதை யாரு இல்லேன்னாங்க?"

மறுநாள் தனியாகப் போனாள். நீள வரிசை. ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மா, மேஜையில் பாதி தின்ற ஆப்பிள்.

"என்ன தொழில்னு போடணும்?"

"தோல் மழிக்கிறவர்."

அந்த அம்மா பட்டியலில் மேலும் கீழும் தேடினார். "அப்படி ஒண்ணு இதுல இல்லையே. தோல் பதனிடும் தொழிலாளின்னு இருக்கு."

"அது சுண்ணாம்புல போட்டுப் பண்றது. இவர் சுண்ணாம்பைக் கிட்டவே விட மாட்டார். கேட்டா சண்டைக்கு வருவார்."

"இசைக்கருவி செய்பவர்னு ஒண்ணு இருக்கும்மா. கௌரவமாவும் இருக்கும். அதைப் போட்டுடவா?"

"வேண்டாம். தோல்னு இருக்கட்டும்."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்து, அவள் சொன்னபடியே தட்டச்சு செய்தார். மேளத்துக்கான தோலை மழிப்பவர். அப்புறம் ஒரு தாளை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"முதல்ல இசைக்கலைஞர்னு கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப திருத்தத்துக்குக் காரணம் நீங்கதான் எழுதணும். கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை போட்டுக் கையெழுத்துப் போடுங்க, வேலை முடிஞ்சுது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"கவனமாத்தான் எழுதினேன்."

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல."

சுவரோரம் இருந்த சாய்வுப் பலகைக்குப் போனாள். பேனா நூலில் கட்டித் தொங்கியது. 'காரணம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு இடம் விட்டிருந்தார்கள். எழுத ஆரம்பித்தாள். அவர் போட்டிருந்த ஸ்வெட்டரை எழுதினாள். நர்ஸ் முகம் திருப்பியதை எழுதினாள். தூசுன்னா, இந்தத் தோல் என்று அவர் சொல்ல வாயெடுத்ததை எழுதியபோது இரண்டு கோடும் தீர்ந்து, ஓரத்து வெற்றிடமும் தீர்ந்துவிட்டது. தான் அவர் கையை அழுத்திய இடத்துக்கு இன்னும் வரவில்லை.

மறுபடி வரிசையைத் தாண்டி ஜன்னலுக்குப் போனாள். பின்னால் நின்றவர் முணுமுணுத்தார்.

"இன்னொரு தாள் கிடைக்குமா?"

"ஒரு வார்த்தைக்கு எத்தனை தாள்ம்மா?" என்றார் அந்த அம்மா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எண்ணாமல் ஒரு கொத்துத் தாளை எடுத்து நீட்டினார்.